மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கை தவறி உடைந்தது. என் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சமையலறைக்குள் நுழைந்து, சர்க்கரை ஜாடியை மூடியைப் பிடித்துத் தூக்கினேன். மூடி கையில், ஜாடி தரையில்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன் தம்பி," என்று ஓடிவந்தார் அவருடைய அம்மா. "எங்க வீட்ல எதையும் மூடியைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது."

மகளுக்கு வயது முப்பத்து நான்கு. (இனி அவர் கதாபாத்திரம், ஆகவே 'அவள்'. கோபித்துக்கொள்ள மாட்டாள்.) பதினொரு வருடமாக மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது, பதினொரு மணிக்கு மேல்தான் இளகும். அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறார். ஆறரைக்குக் கிளம்பும் முன் சீசா, டப்பா, பற்பசை என்று வீட்டிலுள்ள எல்லா மூடிகளையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போவார். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

2

முதல் வரி எழுதினேன்: "அவள் வலியில் துடித்தாள்."

[ஓரக் குறிப்பு, மகள் கையெழுத்தில்: துடிக்கவில்லை. எரிச்சலாக வரும், அவ்வளவுதான்.]

அடித்துவிட்டு, "தன்னையே உருக்கி ஒளி தரும் அந்தத் தாய்..." என்று ஆரம்பித்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"நான் என்ன மெழுகுவத்தியா? டீசல் போட்டு வண்டி ஓட்டுறவ, தம்பி."

மூன்றாவது முறை அலங்காரம் எதுவும் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

3

மகளுக்கு வேறு ஊரில் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாகப் போய் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போ என்றோ போகாதே என்றோ அம்மா வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் சமையலறைக்குப் போனால், எல்லா மூடிகளும் இறுக்கி மூடியிருந்தன. அம்மா மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். மூன்றாவது மூடியில் விஷயம் புரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போகக் கூடாது என்பதை இப்படியா சொல்வார்கள்? ஈரத்துணி, ரப்பர் கையுறை, கதவிடுக்கு என்று எல்லாவற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு போராடினாள்.

மாலையில் சண்டை.

"வேணும்னேதான இறுக்கி வச்ச?"

"ஆமா. அங்க யாரு வந்து திறந்து வைப்பா? பழகிக்கோ."

மகள் கையிலிருந்த ரப்பர் கையுறையை மேடைமேல் வைத்தாள்.

"அப்போ நான் போகலாமாம்மா?"

"எல்லாம் திறந்துச்சா? அதைச் சொல்லு முதல்ல."

"திறந்துச்சு," என்றாள்.

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போனபோது மகள் மெதுவாகச் சொன்னாள்: "மாத்திரை சீசா மட்டும் திறக்கலை சார். எழுதிடாதீங்க. அம்மா படிச்சா என்னைப் போக விடவே மாட்டாங்க." (குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று, அழுத்தித் திருகும்படி செய்த மூடி. முப்பத்து நான்கு வயதுக் குழந்தையையும் திறக்க விடவில்லை.)

கிளம்பும்போது வாசல் வரை வந்த அம்மா சொன்னார்: "நேத்து பிள்ளைங்களைப் பள்ளியில இறக்கிட்டு நேரா வந்து, தெருமுனையிலயே வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன் தம்பி. ரெண்டு மணி நேரம். கூப்பிட்டா ஓடிடலாம்னு. எழுதிடாதீங்க. அவமேல நம்பிக்கை இல்லன்னு நினைச்சுக்குவா."

ஒருத்தி திருத்தாமல் இது அச்சுக்குப் போகாது. இன்னொருவர் படிக்காமல் விடமாட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

முடிவு அ: மகள் ரயிலேறுகிறாள், அம்மா நடைமேடையில் நின்று... (வேண்டாம். கைக்குட்டை வியாபாரம்.)

முடிவு ஆ: வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருவரும் நிம்மதியாக... (பொய்.)

கடைசியில் இரண்டு ரகசியங்களையும் எழுதி மகளிடம் கொடுத்தேன். துரோகம்தான். ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் இத்தனை அன்பை இருவரும் மறைத்து மறைத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

5

வியாழக்கிழமை பிரதி திரும்பி வந்தது. தெருமுனைப் பத்தியில் ஒரு காற்புள்ளியைக்கூட அவள் தொடவில்லை. மாத்திரை சீசா வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு செருகல்: "புதன்கிழமை திறந்தது." அடியில், "அம்மாவிடம் கொடுங்கள்."

உண்மைதானா என்று நான் கேட்கவில்லை.

அம்மா வேனில் உட்கார்ந்தபடியே படித்தார். அந்தச் செருகலை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த ஊருக்கு வேன்ல போனா எத்தனை மணி நேரம் ஆகும் தம்பி?"

கொண்டுபோய் விடுவதற்காகக் கேட்டாரா, ரொம்பத் தூரம் என்று சொல்லித் தடுப்பதற்காகக் கேட்டாரா? எனக்குத் தெரியாது. நாளை வெள்ளிக்கிழமை, நீங்களே முடிவு செய்யுங்கள். என்னால் முடிந்ததை நான் செய்துவிட்டேன்.

"அஞ்சு மணி நேரம்மா," என்றேன்.

உண்மையில் ஏழு.