முகப்பில் தொங்கிய மாலை

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பத்துக்கு, யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட, வெள்ளைக் கார் ஒன்று முன்னால் போன சைக்கிளின் பின் சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் இடித்தது. கீரைக்கட்டுகளோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த சிவக்கொழுந்து என்ற பெண், வயது அறுபத்தொன்று, விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

காரை ஓட்டியவர் பஞ்சலிங்கம். இருபத்தாறு வருடம் அந்தப் பகுதியின் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜப்பானில் இருந்து இறக்கிய அந்தக் கார் அவர் கைக்கு வந்து ஒன்பது நாள். முன்னால் ஏதாவது குறுக்கிட்டால், ஓட்டுபவர் மிதிக்காவிட்டாலும் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி அதில் இருந்தது. மருதனார்மடத்தில் பஸ் ஒன்று சடுதியாக நின்றபோது கார் தன்பாட்டில் நின்றதை அவர் வாசிகசாலையிலும் சங்கக்கடையிலும் ஒரு செத்தவீட்டிலும் சொல்லியிருந்தார். செத்தவீட்டில் ஒருவர், "அப்ப விதானையார், இனி நீங்கள் ஏன் ஏறுறியள்? அதைத் தனிய அனுப்பலாமே" என்று கேட்டார். பஞ்சலிங்கமும் சேர்ந்து சிரித்தார்.

புதன்கிழமை கோயிலில் காருக்குப் பூசை. நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்த பிறகு, ஐயர் காரின் முகப்பில் இருந்த கொம்பனிச் சின்னத்தில் சந்தனத்தை அப்பி, தடித்த செவ்வந்தி மாலை ஒன்றைப் முன்மூடியான பொனற்றின் மேலிருந்து சின்னத்தை மூடித் தொங்கவிட்டுக் கட்டினார். முன்னால் வருவதை அறியும் கருவி அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருந்தது. காரைக் கையில் கொடுத்த அன்று கராஜ்காரர் லெனாட் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, இதை எதுவும் மறைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். கோயில் வாசலில் பஞ்சலிங்கத்துக்கு அது ஞாபகம் வந்தது. ஐயரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் காருக்குள், ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கொன்று எரிந்து, அதன் கீழே ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி வந்தது. வீட்டில் மாலையைக் கழற்றப் போனபோது மனைவி குணலட்சுமி, கோயிலில் போட்ட மாலை தானாக வாடி விழ வேண்டும், கையால் அறுப்பது சரியில்லை என்றார். அவரும் விட்டுவிட்டார். உள்ளதைச் சொன்னால், மாலையோடு இரண்டு நாள் ஊருக்குள் ஓடுவது அவருக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் காரை ஓட்டிக்கொண்டு போகையில், கனடாவில் இருக்கும் மகள் தர்சிகா வீடியோவில் கூப்பிட்டு மாலையைக் காட்டச் சொன்னாள். அவர் ஒரு கையால் போனைத் தூக்கிப் பிடித்து, பொனற்றில் கிடந்த பூ திரையில் விழுகிறதா என்று பார்த்தார். ஏதும் வந்தால் கார் நிற்கும் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

சிவக்கொழுந்து வீதி ஓரமாக, நேராகவே போய்க்கொண்டிருந்தார்.

ஆட்கள் கூடினார்கள். முறிந்த கையை மடியில் வைத்தபடி தார் வீதியில் இருந்த சிவக்கொழுந்து முதலில் காரைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தவரைப் பார்த்தார்.

"விதானையார், நான்தான் பாக்காமல் சைக்கிளை வெட்டித் திருப்பிப்போட்டன்" என்றார் சிவக்கொழுந்து.

இடம்பெயர்ந்த காலத்திலும், திரும்பி வந்து காணிக்கு அலைந்த காலத்திலும், கையெழுத்துக்காகப் பஞ்சலிங்கத்தின் மேசைக்கு முன்னால் எத்தனையோ தரம் நின்றவர் அவர். படிவத்தில் எது பிழைத்தாலும் தன் பிழை என்று சொல்லித்தான் அலுவலை முடித்துக்கொண்டு போவார். அந்தப் பழக்கத்தைப் பஞ்சலிங்கம் நன்றாக அறிவார். சைக்கிள் சைகை காட்டாமல் திரும்பியது என்று பொலிஸ்காரர் எழுதி, சரிதானா என்று பஞ்சலிங்கத்திடம் கேட்டபோது, அவர் "ஓம்" என்றார்.

மறுநாள் லெனாட் வந்து மாலையை அறுத்தெடுத்து, காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தார். காரை ஒழுங்கை முனை வரை ஓடிப் பார்த்ததும் விளக்கு அணைந்தது.

"அண்ணை, உது எப்ப தொடக்கம் எரிஞ்சது?"

கவனிக்கவில்லை என்றார் பஞ்சலிங்கம். லெனாட் மாலையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். மாலை கிடந்தபடியால்தான் உயிருக்கு ஒன்றும் ஆகாமல் கையோடு போனது என்று குணலட்சுமி அன்று மத்தியானம் சொன்னபோது, அவர் பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவினார்.

செவ்வாய்க்கிழமை சிவக்கொழுந்தின் வீட்டுக்குப் போனார். இருந்த ஒரே பிளாஸ்ரிக் கதிரையை அவருக்குப் போட்டுவிட்டு, கட்டுப் போட்ட கையோடு அந்த மனுசி நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. பஞ்சலிங்கம் போனைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் சொன்னார். பொலிசில் போய் உண்மையைச் சொல்லப் போவதாகவும் சொன்னார்.

"நான் நேரை போனது எனக்குத் தெரியும்தானே" என்றார் சிவக்கொழுந்து. "இப்ப மாத்தினால் என்னையெல்லோ பொய்க்காரி எண்டுவினம். விடுங்கோ விதானையார்."

தனக்காகச் சொல்லப்பட்ட பொய்யைத் திருத்துவதற்கும் அவரிடமே வந்து கேட்டுக்கொண்டிருப்பது பஞ்சலிங்கத்துக்கு உறைத்தது. தேத்தண்ணி வேண்டாம் என்று எழும்பினார். முகத்தைப் பார்த்து விடைபெற முடியவில்லை.

பொலிசில், சிவக்கொழுந்து வலியில் தடுமாறிச் சொன்னதாகவும், அது பிழை என்று தெரிந்தே தான் ஓம் என்றதாகவும் சொன்னார். "பிழையை மறைக்கத்தான் ஆக்கள் இஞ்சை வாறவை" என்று சிரித்த பொலிஸ்காரர், புது வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

நவம்பரில் நீதிமன்றம் பஞ்சலிங்கத்துக்குத் தண்டம் விதித்து, அவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஆறு மாதத்துக்கு நிறுத்தியது. முதலில் ஏன் அப்படிச் சொன்னார் என்று சிவக்கொழுந்திடம் யாரும் கேட்கவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அவரால் இடது கையால் சைக்கிள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இப்போது சந்தைக்குப் பஸ்ஸில் போகிறார்.