ஓரகத்தியின் நோய்

மற்ற பெண்கள் நகைக்கும் வீட்டுக்கும் பொறாமைப்படுவார்கள். இவள் ஓரகத்தியின் நோய்க்குப் பொறாமைப்பட்டாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இவளுக்கு ஆய்வகத்தில் வேலை. கருப்பையின் உள்சவ்விலிருந்து கிள்ளி அனுப்பும் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பாள். யார் யாருக்கோ குழந்தை தங்காத காரணத்தை அந்தத் தகடு சொல்லியிருக்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருடமான இவளுக்கு மட்டும் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன் எடுத்த சோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிவிட்டார்கள். எல்லாம் சரி என்றால் குழந்தை எங்கே?

ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, நேற்று வந்தவள். இரண்டே வருடத்தில் சோதனைக்கு ஓடினாள். அவளுடைய துணுக்கையும் இவள்தான் சீவ வேண்டியதாயிற்று. ஆய்வக டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு இவளைக் கூப்பிட்டார்.

"இந்தப் புதுச் சாயத்துல பழுப்பாத் தெரியுது பாருங்க, இந்த செல் இங்க இருக்கக் கூடாது. உள்ளுக்குள்ள ஆறாத அழற்சி. ரெண்டு வாரம் மாத்திரை போட்டா பெரும்பாலும் சரியாயிடும்."

இவளுக்கு வயிறு எரிந்தது. நோயில்கூட அதிர்ஷ்டக்காரியா அவள்!

"மேடம், எனக்கு அப்போ இந்தச் சாயம் போட்டீங்களா?"

"இல்லம்மா. அப்பல்லாம் சவ்வு எத்தனாவது நாள் வளர்ச்சியில இருக்குன்னுதான் பார்ப்போம். அதுல பெருசா பிரயோஜனமில்லைன்னு இப்ப அதை விட்டாச்சு."

இவளுடைய துணுக்கு பதிந்த பழைய மெழுகுக்கட்டி அலமாரியில் பத்திரமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்குவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. ஓரகத்தி மாத்திரையே தொடங்கிவிட்டாள். அவசரத்தில் முதல் இரண்டு சீவல் கிழிந்தது. மூன்றாவதைச் சாயத்தில் போட்டுவிட்டு, கடவுளே எனக்கும் அந்த நோயைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லையே. நல்ல செய்திதானே?"

நல்ல செய்தியாம்!

வீட்டில் கால் வைத்ததும், மறுசோதனை விஷயம் தெரிந்த ஓரகத்தி பிடித்துக்கொண்டாள். "என்னக்கா சொன்னாங்க?"

"எனக்கும் அதேதான்." வாய் முந்திக்கொண்டது.

ஓரகத்தி கட்டிப்பிடித்துக் குதித்தாள். "அப்போ ரெண்டு பேருக்கும் சேர்ந்தே பிறக்கும் பாருங்க! மாத்திரை இன்னும் வாங்கலையா? இந்தாங்க, என்னுதுல போடுங்க. எனக்கு ஒரு வேளை போனா என்ன?" அட்டையிலிருந்து பிதுக்கி இவள் உள்ளங்கையில் வைத்தாள்.

விழுங்கிவிடலாம். நாளைக்குக் கேட்டாலும் கொடுப்பாள், பைத்தியக்காரி. வேளை தவறினால் அவளுக்கு ஆறாது. ஆறாவிட்டால் இந்த வீட்டில் இவள் மட்டும் தனியாக நிற்க வேண்டாம். அப்படி நினைத்ததுமே, சீ என்று மாத்திரையை அவளிடமே நீட்டினாள்.

"எனக்கு அந்த எழவுகூட இல்லைடி!" என்று கத்தினாள். "பொய் சொன்னேன். இதை நீ போடு. என் கண்ணு முன்னால போடு."

ஓரகத்தி மிரண்டுபோய் மாத்திரையை வாங்கி வாயில் போட்டாள். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இவள் நகரவில்லை. வயிற்றெரிச்சலும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.