பரகாத் வீட்டு மாடியில் புறாக்கள்

போர் வந்து சூயஸிலிருந்து எல்லோரையும் கிளப்பிவிட்டு எட்டு மாதமாகிறது. இப்போது ஜகாஜிக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் வீடு. நடுவே போர்வையைக் கட்டி, இந்தப் பக்கம் ஷஹாத்தா, அந்தப் பக்கம் பின்தெருக்காரர் பரகாத். ஷஹாத்தா சூளையில் செங்கல் சுமந்தான். பரகாத்துக்கு வாயைத் திறந்தால் வீட்டுப் பேச்சுதான். முப்பது வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கட்டிய மூன்று மாடி.

தன் மாடியில் கூண்டைத் திறந்துபோட்டு விட்டுவந்த புறாக்களுக்காகத்தான் ஷஹாத்தா முதல் கடிதம் எழுதினான். 'எங்கள் தெருவில் பீரங்கி வைத்திருக்கும் அதிகாரிக்கு' என்று விலாசம். கேப்டன் நாதிர் என்பவர் பதில் போட்டார். தீனி வைக்கிறாராம், சாயங்காலம் சிவப்புத் துணி வீசிப் பறக்கவிடுகிறாராம்.

அவருடைய மூன்றாம் கடிதத்தை ஷஹாத்தா உரக்க வாசித்தான். 'பீரங்கிக்கு மேலேயே வட்டமடிக்கின்றன. கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் எதிரிக்கு எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு மாடிக்கு மாற்ற வழி உண்டா? இல்லையென்றால் அறுக்க வேண்டியதுதான்.'

"அறுக்கிறதா?" பரகாத் போர்வையை விலக்கிக்கொண்டு வந்தார். "எழுதுடா. இறக்கையைக் கட்டி மூணு வாரம் புது இடத்துல அடைக்கச் சொல்லு. கையாலதான் தீனி போடணும். அப்புறம் அவுத்துவிட்டா அங்கதான் வந்து எறங்கும்."

"எந்த மாடிக்குண்ணே?"

"என் மாடிக்குத்தான். அந்தத் தெருவுலயே ஒசரம். உன் கோழிக்கூண்டு மாதிரியா?"

ஷஹாத்தா சிரித்துக்கொண்டே எழுதினான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. செங்கல் தூசிக் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தான். எழுத்தறியாத பரகாத் டீயோடு எதிரே உட்கார்ந்தார்.

"புறாக்கள் புது மாடிக்குப் பழகிவிட்டன," என்று உரக்க வாசித்தான். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

'அக்கரைக்காரர்கள் புறாவைப் பார்த்து நாங்கள் அங்கே இருப்பதாக எண்ணிவிட்டார்கள். மூன்று நாளாக அத்தனை குண்டும் அந்த வீட்டின்மேல்தான். சுவர்கூட மிச்சமில்லை. என் ஆட்கள் பதினான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.'

"என்னடா, எழுத்துக் கூட்டுறியா?"

"கையெழுத்து கோணலா இருக்குண்ணே."

"வீட்டைப் பத்தி என்ன போட்டிருக்கான்?"

ஷஹாத்தா கடிதத்தை மடித்தான். "பதினாலு பேரும் உசுரோட இருக்காங்களாம். உங்க வீட்டாலதானாம்."

"என் வீட்டாலயா!" பரகாத் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "குளிருக்கு ஒதுங்கியிருப்பானுங்க, பாவம். கீழ் ரூம்ல கம்பளி இருக்கு, எடுத்துக்கச் சொல்லி எழுது. போகும்போது கதவை மட்டும் சாத்திட்டுப் போகச் சொல்லு."

ஷஹாத்தா பேனாவை எடுத்தான். கம்பளி வரைக்கும் எழுதினான். அதற்குமேல் கை ஓடவில்லை.