சைலன்சரில் ஒட்டிய நீலம்

வேலையில் ஆமை வேகம் என்பதால் அந்த எலக்ட்ரீஷியனுக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் ‘மின்னல்’. வாழ்க்கையில் அவன் அவசரப்பட்டுச் செய்த ஒரே காரியம், மனைவியின் தம்பி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கியதுதான்.

வண்டி கிழம். குரோமியப் பூச்சுக்கு மட்டும் இன்னும் உயிர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, ஹேண்டில்பாரின் துருப்புள்ளிகள் மறைந்தன. ஆனால் சைலன்சரில், பின்னிருக்கைக்குக் கீழே, நீலமாக ஏதோ உருகித் தீய்ந்து ஒட்டியிருந்தது. செருப்பு ரப்பர். மரக் கரண்டியால் சுரண்டி, பாலிஷ் போட்டு, மேலே மெழுகு பூசித் துடைத்தான். முகம் பார்க்கலாம் போலிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்து குனிந்தால், அதே இடத்தில் நீலம். ஆறாமல் பிசுபிசுத்தது.

“யாரை ஏத்திக்கிட்டு வந்தீங்க?” என்றாள் மனைவி.

“என் நிழலைத்தான்.”

சுத்தம் செய்தான். அடுத்த நாளும் வந்தது. இம்முறை செருப்படியின் வரிகள்கூடத் தெரிந்தன. அவள் விரல் வைத்து அளந்தாள். நாலு விரல் அகலம்கூட இல்லை, குழந்தைக் கால். வீட்டில் இருப்பதோ அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

மச்சினனுக்குப் போன் போட்டான்.

“யாரோ கால் வைக்கிறாங்க மாமா. ஃபுட்ரெஸ்ட் எட்டாதவங்க அங்கதான் வைப்பாங்க.”

“பின்னாடி யாருமே உட்காரல மாப்ளே.”

மச்சினன் குரல் தாழ்ந்தது. “ஏலத்துல எடுத்த வண்டி மாமா. யாரோடதுன்னு எனக்கென்ன தெரியும்? வேணாம்னா திருப்பிக் குடுத்துடுங்க.”

மின்னல் போனை வைத்தான். கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் சைலன்சர் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்த மனைவி எழவில்லை.

“சுடுமேங்க,” என்றாள்.

“என்னது?”

“செருப்பே உருகுதுன்னா, கால் என்னாகும்? முதல்ல ஒரு தடுப்பு போடுங்க. மத்ததை அப்புறம் யோசிக்கலாம்.”

ஓட்டை போட்ட தகடு ஒன்றை வளைத்து, சைலன்சர் மேல் படாமல் விரற்கடை இடைவெளி விட்டு மாட்டினான். சின்னக் கால் எட்டும் உயரத்தில் மிதிகம்பி ஒன்றும் பொருத்தினான். யாருக்காக என்று யோசிக்காமலிருக்க, திருகாணிகளை எண்ணி எண்ணி முடுக்கினான்.

அதன்பிறகு நீலம் வரவில்லை. குரோமியம் பளபளவென்று அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அந்த வாரக் கடைசியில், பட்டப்பகலில், இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. சடக்கென்று பிரேக் பிடித்தான். முதுகில் ஏதோ மெத்தென்று மோதியது. இடுப்பின் இருபக்கமும் சட்டை இறுகியது. கொத்தாகப் பற்றிய பிடி. திரும்பவும் துணிவில்லை, கண்ணாடியைப் பார்க்கவும் துணிவில்லை.

“கெட்டியா பிடிச்சுக்க,” என்று வாய் தன்னால் சொன்னது. நத்தையாக ஊர்ந்து வீடு வந்தான்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். பார்வை அவன் தோளுக்குப் பின்னால் நிலைத்திருந்தது. முகம் வெளிறிப் போயிற்று. பிறகு மெல்ல இளகியது. பாதி திறந்திருந்த கதவை அகலத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.