முளைகட்டிய டேப்லெட்

அருள்மேரியின் டேப்லெட் ஆவணி மாதத்தில் முளைவிட்டது. சார்ஜ் போடும் துளை வழியாக வெள்ளை வேர் இறங்கியது. மேலே கேமராவுக்குப் பக்கத்திலிருந்து பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. அந்த வருஷம் அணையில் தண்ணீர் தாமதமாகத் திறந்ததால் பாபநாசம் பக்கத்தில் பாதிப் பேருடைய விதைநெல்லே சரியாக முளைக்கவில்லை. ஆகவே மாதாகோயில் தெருவாருக்கு முதலில் வந்தது பொறாமைதான். வியப்பெல்லாம் பிறகு மெதுவாக வந்து, வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

அந்த டேப்லெட் ஊருக்கு வந்ததற்கு ஒரு வழுக்கல் காரணம். கணவர் பெரியநாயகசாமி இறந்தபிறகும் அருள்மேரி தனியாக இருந்து சம்பா பயிரிட்டுவந்தார். எழுபத்தாறு வயது. பங்குனியில் வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டதும், சென்னையில் கம்பெனி வேலையிலிருந்த மகன் கிளாட்சன் ஒரு முடிவுக்கு வந்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டி, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது. அவன் சொன்னதில் பாசமும் இருந்தது, நியாயமும் இருந்தது, அதனால்தான் அதை மறுத்துப் பேசுவது கடினம். அவனுடைய மனைவி ஜூலியட் மறுத்துப் பேசவில்லை. குறுக்கே ஒரு வழியைச் சொன்னாள். காலையிலும் மாலையிலும் வீடியோவில் முகத்தைப் பார்த்துவிட்டால் போதாதா என்றாள். கிளாட்சன் அரைமனதாக ஒப்புக்கொண்டான். ஆனால் கூப்பிட்டு எடுக்காமல் போனால் மறுபேச்சில்லை, அடுத்த ரயிலில் அம்மா சென்னைக்கு என்றும் சொல்லிவைத்தான்.

ஜூலியட் நர்ஸ். உடம்புக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கண் ஆபரேஷனுக்காக அத்தை ஒரு மாதம் தங்கள் நாலாவது மாடி வீட்டில் தங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் டிராக்டர்காரரை இந்தப் பக்கத்திலிருந்தே ஒரு குரலில் திருப்பிவிடும் மனுஷி, ஃபிரிட்ஜைத் திறக்கலாமா என்று மருமகளிடம் கேட்டு நின்றார். அந்தக் கேள்வி ஜூலியட்டின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்த டேப்லெட் தோற்றால் அத்தையும் தோற்றார் என்று நினைத்துக்கொண்டுதான், லீவு போட்டு, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

எழுத்தைப் பெரிதாக்கினாள். தேவையில்லாத படங்களையெல்லாம் திரையிலிருந்து துடைத்துவிட்டு, கிளாட்சனின் முகத்தை மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வைத்தாள். அதைத் தொட்டால் சென்னை. ஆனால் அருள்மேரி தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. காலமெல்லாம் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்த விரல்களில் ரேகை என்பதே மிச்சமில்லை. பேங்க்கில் ரேகை வைக்கும் மெஷினும் அவரை ஆளாக மதித்ததில்லை. கடைசியில் அவரே விரலைத் தம்ளர் தண்ணீரில் நனைத்துத் தொட, திரை உடனே பணிந்தது. யாருக்கும் தெரியாத, தனக்கு மறக்காத ஒரு பாஸ்வேர்டு வேண்டும் என்றதற்கு, நிலத்தின் சர்வே நம்பரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் என்று சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஊரில் புது பைக்கையும் புது டிராக்டரையும் கொண்டுபோவதுபோல, டேப்லெட்டையும் மந்திரிக்கக் கொண்டுபோனார்கள். அதன் விலையை யோசித்துப் பங்குத்தந்தை தீர்த்தத்தை இரண்டு துளியோடு நிறுத்தப் பார்த்தார். "நல்லா தெளிங்க சாமி, ரொம்ப நாளு வரணும்" என்றார் அருள்மேரி.

ஆடி முழுவதும் தடங்கலில்லாமல் போயிற்று. ஆவணியில் ஒரு காலை, விதைப்பதற்காக நாற்றங்கால் எவ்வளவு சமமாக நிரவப்பட்டிருக்கிறது என்று மகனுக்குக் காட்டப் போனவர் கையிலிருந்து டேப்லெட் நழுவி வாய்க்காலில் விழுந்தது. பக்கத்து வீட்டு போனை வாங்கி மருமகளைக் கூப்பிட்டார். வார்டில் ஊசியும் கையுமாக நின்ற ஜூலியட், உலகம் முழுக்கச் சொல்வதையே சொன்னாள்: துடைத்து அரிசிக்குள் போட்டு வையுங்கள். அங்கேதான் காரியம் திசைமாறியது. வாய்க்காலில் விழுந்த பொருளைச் சோறாக்கும் அரிசிக்குள் போட அருள்மேரிக்கு மனம் வரவில்லை. சட்டை போட்ட அரிசிதானே நெல் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் அப்போதிருந்த ஒரே நெல், தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, முளைப்பதற்காக வைக்கோல் மூடி வைத்திருந்த விதைநெல். அதன் நடுவயிற்றில் டேப்லெட்டைப் புதைத்து, மறுபடி கட்டி, வைக்கோலின்மேல் கல்லையும் ஏற்றிவைத்தார்.

விதை முளைக்கும்வரை கிளாட்சனின் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. நெட்வொர்க் கிடைக்கவில்லையாம் என்று ஜூலியட் கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாகக் கணவனிடம் பொய் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மாதாவை வேண்டிக்கொண்டாள். சாக்கைப் பிரித்த அன்று காலை, அவன் டிக்கெட் பதிவு செய்ய விரலை வைக்கப்போன நேரத்தில் அழைப்பு வந்தது. படம் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அம்மாவின் நெற்றிக்கு மேல் பச்சையாக என்னவோ ஆடுகிறதே என்று அவன் கேட்க, "பயிர்தாம்ப்பா" என்றார். அம்மாவின் தலைக்குப் பின்னால் பயிரைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப்பிறகு அந்த டேப்லெட்டுக்கு சார்ஜ் போட வேண்டிய அவசியம் வரவில்லை. அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் வாய்க்கால் சேற்றைப் பரப்பி அதில் நட்டுவைத்தார். தண்ணீர் வற்றினால் குரல் கம்மியது. ஊற்றினால் கணீரென்று கேட்டது. ஒரு சிட்டிகை யூரியா வைத்த வாரம் கிளாட்சனின் முகம் கொஞ்சம் பச்சையடித்தது, பிறகு தெளிந்தது. மாலை நேரங்களில் ஜூலியட்டின் போன் திரையில் பனித்துளி நிற்கும். முந்தானையால் துடைத்துவிட்டுப் பேசுவாள். எதற்கும் இருக்கட்டும் என்று பாபநாசத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அஸாரிடம் அருள்மேரி அதைத் தாம்பாளத்தோடு கொண்டுபோய்க் காட்டினார். குடவாசல் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அஸார். பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, விரலால் மெல்லத் தடவி, "வேர் நல்லா புடிச்சிருக்குங்கம்மா. நான் கை வைக்கமாட்டேன், வாடிரும்" என்று மூடிவிட்டார். முன்பக்கத்துக்கு ஒரு கண்ணாடி மட்டும் ஒட்டிக்கொடுத்தார்.

கார்த்திகையில் கோடியக்கரைப் பக்கமிருந்து புயல் ஏறிவந்தது. தென்னை சாய்ந்தது, கம்பங்கள் சாய்ந்தன, டவரும் சாய்ந்தது. ஊரில் எந்த நம்பருக்குப் போட்டாலும் மணி அடிக்கவில்லை. கிளாட்சன் பெரிய பெட்டியொன்றைக் காலியாகக் காரில் ஏற்றினான். காலிப் பெட்டி எதற்கு என்று ஜூலியட் கேட்கவில்லை. தெரிந்துதான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். விழுப்புரம் தாண்டும்போது அம்மாவின் முகம் போனில் வந்தது. "கும்பகோணம் ரோட்டுல மரம் கெடக்காம், மெதுவா வா" என்றார். தாங்கள் கிளம்பியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டவர் இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கு, வேர் எங்கேயோ போய்ப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு அஸார் விளக்கம் சொன்னார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த அழைப்பைக் கேட்டும் கிளாட்சன் காரைத் திருப்பவில்லை. இனி அம்மாவை இங்கே விட்டுவைப்பதில்லை என்று ரோட்டைப் பார்த்தே சொன்னான்.

வீட்டு வாசலில் மூன்று தெரு ஜனம் நின்றது. சிங்கப்பூரில் பிள்ளை இருப்பவர்கள், துபாயில் புருஷன் இருப்பவர்கள், திருப்பூரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள். ஒவ்வொருவரும் தாம்பாளத்துத் தண்ணீரில் விரலை நனைத்துத்தான் திரையைத் தொட வேண்டும். நனைத்த விரல் பழக்கதோஷத்தில் முதலில் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டுத்தான் திரைக்கு வந்தது. கோயிலுக்கே வராத தங்கையன்கூட அப்படித்தான் செய்தார். அருள்மேரி பக்கத்தில் நின்று, ஓடு பறந்த தன் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "சுருக்கா பேசு தாயி, பின்னால ஆளு நிக்கிது" என்று வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். அவசர சிகிச்சை வார்டை நடத்திப் பழகிய ஜூலியட்டுக்கு அந்த நிதானம் பிடிபட்டது. இந்த மனுஷிக்குத் தான் மருமகளாக வந்ததில் அவளுக்கு அப்போது பெருமையாக இருந்தது, கண்ணும் கலங்கியது.

கூட்டம் குறைந்ததும் கிளாட்சன் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தான். வயதைச் சொன்னான், சர்க்கரையைச் சொன்னான், கூரையைக் காட்டினான். எல்லாம் உண்மை. அருள்மேரி மறுக்காமல் கேட்டார். பிறகு அவன் கையைப் பிடித்து டேப்லெட்டிடம் கூட்டிப்போய், தண்டின் நடுப்பகுதியைத் தொடச் சொன்னார். உள்ளே கதிர் திரண்டு புடைத்திருந்தது.

"சூல் கட்டின பயிர விட்டுட்டு எந்தக் குடியானவனாச்சும் வீட்டப் பூட்டுவானா? நீயே சொல்லுப்பா."

நிறைமாத வயிற்றுக்காரியைத் தனியே விட்டுப் போகலாம் என்று சொல்கிறவனைக்கூட அந்த ஊரில் மன்னிப்பார்கள். இதைச் சொல்கிறவனை மன்னிக்கமாட்டார்கள் என்று கிளாட்சனுக்குத் தெரியும், அவன் அந்த மண்ணில் பிறந்தவன். தாம்பாளத்தில் பயிரோடு முளைத்திருந்த ஒரு கோரைக் களையைப் பார்த்துவிட்டு, குனிந்து, வேர் அறாமல் பிடுங்கி எறிந்தான். மறுநாள் ஓடு மாற்ற ஆள் பிடிக்கப் போனான்.

தை மாதம் டேப்லெட் அறுவடையானது. ஒரு கைப்பிடி கதிர்தான், ஆனால் பதர் இல்லை. பொங்கல் பூசைக்கு அதைக் காணிக்கை வைத்தார்கள். ஒருமுறை மந்திரித்ததை மறுபடி மந்திரிக்கலாமா என்று கொஞ்சம் யோசித்த பங்குத்தந்தை, நெல் வேறு டேப்லெட் வேறு என்று முடிவுசெய்து தீர்த்தம் தெளித்தார். அறுத்த பயிரின் அடித்தாளிலிருந்து மாசியிலேயே மறுபடி துளிர் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்ததும். எப்போது பார்த்தாலும் ஒன்று நாற்றாக நின்றது, அல்லது சூலாக நின்றது, அல்லது பால் பிடித்து நின்றது. கிளாட்சன் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டான். மாத்திரை போட்டாயா என்பதற்கு முன்னால் தண்ணீர் கட்டினாயா என்று கேட்கப் பழகிக்கொண்டான்.

மாமியார் எங்கே இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஜூலியட்டைக் கேட்பதுண்டு. பாபநாசத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார் என்று அவள் சொல்வாள். இந்த வயதில் இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளக்கூடாதா என்பார்கள்.

"வரமுடியாதுங்க," என்பாள் அவள். "டேப்லெட்ல பயிர் நிக்கிது."

அப்படியென்றால் சரி என்று அவர்களும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.