வராத படகுக்குப் பிடித்த இடம்

1914-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் போர்ட் சுவெட்டன்ஹம் படகுத்துறையில் ஒரு படகு அளவுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. துறையின் மற்ற இடங்களில் தண்ணீர் வழக்கம்போல் இருந்தது. அந்த வாரம் ரப்பர் விலை இறங்கியிருந்ததால் ஊர் முழுக்க ரப்பரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பள்ளத்தைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. வந்தவர்கள் சொன்ன விவரங்களில் முரண்பாடு ஏதும் இல்லை. பள்ளம் முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் இடுப்பளவு ஆழத்தில் இருந்தது. சுற்றிலும் கிள்ளான் ஆற்றின் பழுப்புத் தண்ணீர் சுவர் போல நின்றது. அடியிலும் தண்ணீர்தான், ஆனால் ஈரச் சாக்கை விரித்தது போல மிதித்தால் தாங்கியது. கடல் ஏறும்போது பள்ளமும் ஏறியது, வற்றும்போது கூடவே இறங்கியது. அலை அடித்தால் சுவர் கொஞ்சம் நடுங்கும். உள்ளே ஒரு சொட்டு விழாது.

இதற்குக் காரணம் ஹார்க்ரேவ் துரை ஆர்டர் கொடுத்திருந்த படகு. கிள்ளானுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு மேனேஜராக இருந்த துரை, முந்தின ஆண்டு சிங்கப்பூரில் வெள்ளை வண்ணம் பூசிய பாய்க்கப்பல் ஒன்றை உல்லாசத்துக்காக வாங்கினார். கரையோரம் ஆழம் போதாததால் கப்பல் நடு ஆற்றில் நங்கூரமிட்டு நின்றது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே துரையை ஏற்றி இறக்க ஒரு சிறு படகு வேண்டும். கப்பலோடு வந்திருக்க வேண்டிய குட்டிப் படகை முந்தைய சொந்தக்காரர் எங்கோ தொலைத்திருந்தார். கூப்பிட்ட குரலுக்கு வர ஆற்றில் சம்பான் என்னும் உள்ளூர்ச் சிறு படகுகள் இருந்தன. ஆனால் சொந்தக் கப்பல் வைத்திருக்கும் ஒருவர், கோழிக்கூடைக்கும் மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே குந்தியபடி அதில் போய்க் கப்பலில் ஏறுவதை வெள்ளைக்காரர் கிளப்பில் யாராவது பார்த்துவிட்டால் அப்புறம் கிளப்புக்கே போக முடியாது. எனவே துரை இங்கிலாந்தின் தென்கரையில் இருந்த ஒரு பட்டறைக்கு எழுதிப் போட்டார். பர்மாவில் வெட்டிய தேக்கு இங்கிலாந்துக்குப் போய், அங்கே படகாகி, மறுபடி பர்மாவைக் கடந்து இங்கே வர வேண்டும். அது வரும்வரை துரை ஞாயிற்றுக்கிழமைதோறும் துறையில் பிரம்பு நாற்காலி போட்டுத் தூரக்கண்ணாடியால் தம் கப்பலைப் பார்த்தார். விருந்தாளிகளையும் அழைத்தார். அவர்களும் கையில் கிளாஸோடு கரையில் நின்று, கப்பலின் உட்புற வேலைப்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

வராத படகுக்கு ஓட்டி முதலிலேயே நியமிக்கப்பட்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த இருதயம் என்பவன் அதுவரை படகில் கால் வைத்ததில்லை. சுத்தமாக உடுத்துவான், நன்றாக சலாம் போடுவான் என்பதற்காகத் துரை அவனை எடுத்துக்கொண்டார். படகு வந்து சேர்ந்ததும் வேலை நிரந்தரம் என்றும், அதுவரை தற்காலிகம் என்றும் பேச்சு. இந்தப் பேச்சுதான் அவன் கல்யாணத்தை நிறுத்தியது. ரயில்வே கார்டு லியனார்டின் மகள் சாந்தமேரிக்கும் அவனுக்கும் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை அறிவிப்பது அவர்கள் வழக்கம். இரண்டு ஓலை வாசித்த பிறகு வேலை தற்காலிகம் என்பது லியனார்டின் காதுக்கு எட்டியது. படகு வரட்டும், பிறகு மூன்றாவதை வாசிக்கலாம் என்று அவர் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நாள் கடந்துபோனால் முதல் ஓலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் தவக்காலம் முடிந்ததும் முதல் இரண்டு ஓலைகள் புதிதாக வாசிக்கப்பட்டன. நாளடைவில் சாமியார் வாயைத் திறக்குமுன்னே பின்வரிசைக்காரர்கள் அதை முணுமுணுத்து முடித்தார்கள்.

துறையில் படகுக்கு இடம் பிடித்து வைக்கச் சொல்லித்தான் இருதயத்துக்கு முதல் உத்தரவு வந்தது. சம்பான்காரர்களும் தொங்காங் என்னும் சரக்குப் படகுக்காரர்களும் கண் மூடித் திறப்பதற்குள் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். ரயில்வே குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இடம் பிடிக்க ஒரே வழிதான் தெரியும். வண்டி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு கிடக்கும் இடத்தில் வேறொருவர் உட்காருவதில்லை. சண்டை நடக்கலாம், துண்டை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். இருதயம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தண்ணீரின் மேல் போட்டான். கடல் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்ற நேரம் அது. தண்ணீர் துண்டைப் பார்த்தது, இடம் பிடித்தாகிவிட்டது என்று புரிந்துகொண்டது, ஒதுங்கிக்கொண்டது.

துறைமுக அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். படகுக்குத்தான் துறை வாடகை, பள்ளத்துக்கு வாடகை வாங்க விதியில்லை. அதே சமயம் துறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது உண்மை என்று சொல்லி, மேலிடத்தின் யோசனைக்கு விட்டுவிட்டார். மேலிடம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஐரோப்பாவில் சண்டை மூண்டது. பட்டறையிலிருந்து வந்த தகவல்கள் துரையை வாட்டின. முதலில் தேக்கு காய வேண்டும் என்றார்கள். பிறகு வார்னிஷ் காய வேண்டும் என்றார்கள். அப்புறம் படகு முடிந்துவிட்டது, கப்பல்தான் இல்லை என்றார்கள். கடைசியில், அந்தப் படகை அரசாங்கம் போருக்கு எடுத்துக்கொண்டது, சண்டை முடிந்ததும் புதிதாகத் தொடங்கலாம் என்று வந்தது.

தொங்காங்கில் மூட்டை ஏற்றும் சின்னையாவுக்கு இருதயத்தைச் சீண்டாமல் பொழுது போகாது. தண்ணிக்குக் காவல் இருக்கறவனப் பாத்திருக்கேன், தண்ணி இல்லாததுக்குக் காவல் இருக்கறவன இப்பத்தான் பாக்கறேன் என்பான். மடவை மீன்கள் சில சமயம் சுவரைத் துளைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் விழுந்து துள்ளின. குழம்புக்கு அவற்றைப் பொறுக்க இருதயம் உள்ளே இறங்குவது வழக்கமாயிற்று. லண்டனிலிருந்து கம்பெனி டைரக்டர் ஒருவர் வந்தபோதும் அவன் அப்படித்தான் உள்ளே நின்றான். டைரக்டருக்குக் கப்பலைப் பார்க்க வேண்டும். துரை சம்பானைப் பார்த்தார், டைரக்டரைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனார். அந்தப் பதற்றத்தில், சிங்கப்பூரில் செய்து முன்கூட்டியே வந்திருந்த துடுப்பை எடுத்து இருதயம் எதற்கோ ஊன்ற, பள்ளம் துறையை விட்டு மெல்ல நகர்ந்தது. இரு பக்கத் தண்ணீரும் வழிவிட்டன. அவன் திரும்ப வந்து சலாம் போட்டு நின்றான். டைரக்டர் முதலில் இறங்கி உட்கார்ந்தார். படகு மிக லேசாக இருக்கிறது, எங்கே செய்தது என்று கேட்டார். இங்கிலாந்தில் என்றார் துரை. அது பொய்யில்லை.

அன்று முதல் துரை பள்ளத்திலேயே போய் வந்தார். கால்சட்டையின் பின்பக்கம் நனைந்ததைத் தவிர அவருக்குக் குறையொன்றும் இல்லை. உள்ளூர் சம்பானில் ஏறாத மனிதர், ஆங்கிலேயப் படகு ஒன்றின் இன்மையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து போவதைக் கிளப் ஒழுங்கான ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டது. நல்ல புதுப் படகு வைத்திருந்த வேறொரு துரை பொறாமைப்பட்டு, தம் ஆளிடம் சீமைத் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தண்ணீரில் போடச் சொன்னார். அது நேராகப் பூலாவ் கெத்தாம் தீவுக்கு மிதந்து போனது. ஹார்க்ரேவ் துரை உடனே ஒரு தடை போட்டார்: பள்ளத்தில் ஐரோப்பியர் தவிர எவரும் உட்காரக் கூடாது. சின்னையாவுக்கு முதுகில் மூட்டை விழுந்து நடக்க முடியாமல் கிடந்தபோது, இருதயம் அவனைப் பள்ளத்தில் தூக்கி வைத்து அக்கரையில் இருந்த வீட்டில் கொண்டுபோய் விட்டான். துரை இருதயத்தை நிற்க வைத்து ஏசினார். படுத்த படுக்கையாக இருந்த சின்னையா அதைக் கேள்விப்பட்டு, பார்க்க வந்த இருதயத்தைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"ஒண்ணுமே இல்லாததுல கூட அவங்களுக்குத் தனி, நமக்குத் தனியாண்ணே?" என்று கேட்டான்.

சண்டை முடிந்தது. மூன்றாவது ஓலை மட்டும் வாசிக்கப்படாமல் நின்றது. நிச்சயத்தின்போது பத்தொன்பது வயதாக இருந்த சாந்தமேரி, குவார்ட்டர்ஸ் பெண்களின் கல்யாணத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து, பிறகு அவர்களின் குழந்தைகளுக்கு ஞானஸ்நான உடுப்பும் தைத்துக் கொடுத்தாள். இருதயம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் பூசைக்கு வருவான். அடுத்த கப்பலில் வந்துவிடும் என்பான். ஒரு ஞாயிறு கோயில் வாசலில் அவள் பொறுமை போய்விட்டது.

"அங்க மரத்த இப்பத்தான் நட்டு வளக்கறாங்களா?" என்றாள். "இன்னொரு வருசம் பாப்பேன். அப்புறம் ஈப்போவுல கன்னியர் மடத்துல சேந்துருவேன். அங்க ஓலையும் வேணாம், படகும் வேணாம்."

அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஆண்டு அவன் துறைக்கு வந்த ஒவ்வொரு கப்பலையும் தான் பிடித்து இழுப்பவன் போல நின்று பார்த்தான்.

1920-இல் படகு வந்தது. பெரிய மரப்பெட்டியைத் துறையில் உடைத்தபோது தேக்கு வாசனை கிளம்பியது. பித்தளை வளையங்கள் மின்னின. காலம் மாறியிருந்ததால் பட்டறைக்காரர்கள் துடுப்புக்குப் பதில் மோட்டார் வைத்திருந்தார்கள். மோட்டாருக்கு சர்ட்டிபிகேட் உள்ள டிரைவர் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒருவரைத் துரை வரவழைத்தார். படகு தண்ணீரில் இறங்கும் நாளோடு இருதயத்துக்கு வேலை முடிந்தது என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார். ஆறு ஆண்டுகளாக எந்தப் படகுக்காக ஜெபமாலை உருட்டினானோ, அந்தப் படகே அவனை வீட்டுக்கு அனுப்ப வந்திருந்தது. இதை அவன் பிரிக்ஃபீல்ட்ஸில் சொல்லவில்லை. ஆனால் ரயில்வேயில் செய்தி எந்த வண்டியையும் விட வேகமாகப் போகும்.

இறக்கும் நாளில் கிளப்பே திரண்டு வந்தது. லியனார்ட் டியூட்டி உடுப்போடு, இடுப்பில் கடிகாரச் சங்கிலியோடு, மகளை அழைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். துரையின் சைகையில் ஆட்கள் கயிற்றைத் தளர்த்தினார்கள். படகு தண்ணீரைத் தொட்டது. தொட்ட வேகத்தில் நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்தது. தூக்கிப் பார்த்தார்கள், ஓட்டை இல்லை. பத்தடி தள்ளி இறக்கினார்கள், முழுகியது. துறையின் மறு கோடியில் இறக்கினார்கள், அங்கும் முழுகியது. துரையின் கப்பலுக்கு ஒரு குட்டிப் படகு என்றுதான் ஆற்றுக்குச் சொல்லியிருந்தது. ஆறு ஏற்கெனவே ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தது. இன்னொன்றைச் சுமக்க அது ஒப்பவில்லை. சிங்கப்பூர் டிரைவர் தம் சர்ட்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலை வண்டிக்குப் புறப்பட்டார். விருந்தாளிகளுக்குக் கப்பலில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. துரை யார் முகத்தையும் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தார். இருதயம் துடுப்பை எடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, தனக்கு வேலை இல்லை என்று கிராணி சொன்னதாக மரியாதையோடு தெரிவித்தான்.

துரை கரையைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், வேலை நிரந்தரம் என்றார்.

கிராணி விடவில்லை. படகு வந்தால் நிரந்தரம் என்றுதான் பேச்சு, வந்த படகு ஆற்றடியில் கிடக்கிறதே, இது எந்தக் கணக்கில் சேரும் என்றார். சாந்தமேரி தன் அப்பாவைப் பார்த்தாள். லியனார்ட் ஓரத்திலிருந்து முன்னே வந்தார். இருபது ஆண்டுகளாக வண்டிகளை வழியனுப்பியும் வரவேற்றும் பழகிய மனிதர். இந்த விஷயத்தில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துட்டா வந்தாச்சு," என்றார். "அதுக்கப்புறம் தடம் புரண்டா அதுக்கு வேற ரிப்போர்ட். படகு வந்தாச்சு லா."

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. கோயில் அதைக் கேட்டுப் பழகியிராததால், சாமியார் முடித்த பிறகும் யாரும் உட்காரவில்லை.

தேக்குப் படகைக் கிளப்பின் புல்தரையில் கொண்டுபோய் வைத்தார்கள். மாலை வேளைகளில் துரைமார் அதில் ஏறி உட்கார்ந்து குடித்தார்கள். மிக உறுதியான படகு என்று அதற்கு நல்ல பெயர். மறு ஆண்டு ரப்பர் அடியோடு விழுந்தது. கம்பெனி ஹார்க்ரேவ் துரையை ஊருக்கு அனுப்பியது. கப்பலைப் பினாங்குக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பள்ளத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை, யாரும் மூடவும் சொல்லவில்லை. சாந்தமேரி யோசனையாக உள்ளே இரண்டு சாக்குகளை விரித்தாள். இருதயம் அக்கரைக்குப் போகும் கூலிக்காரர்களையும் மீன்காரிகளையும் ஏற்றத் தொடங்கினான். முதல் நாள் முதல் ஆளாக இறங்கியவன் சின்னையா. துறைமுக அலுவலகம் பல ஆண்டு யோசனைக்குப் பிறகு பள்ளத்துக்குப் பயணிகள் படகு லைசென்ஸ் கொடுத்தது. ஆண்டுதோறும் ஓர் அதிகாரி வந்து சோதித்து, ஒழுகல் இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

லியனார்ட் மட்டும் வேலை இருக்கிறது என்று சொல்லி அதில் ஏறாமலே இருந்தார். பென்ஷன் வாங்கிய பிறகு அந்தச் சாக்கு இல்லை. அக்கரையில் இருந்த மகள் வீட்டுக்கு வர ஒரு நாள் குடையும் பலகாரப் பையுமாகத் துறைக்கு வந்தார். மற்றவர்களோடு வரிசையில் நின்றார். தண்ணீர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நனையாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மீன்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு இரு பக்கமும் விலகி விலகிச் சேர்ந்தது. அக்கரையில் இறங்கியதும் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"லேட்டு, மாப்ளே," என்றார்.