ராணியின் கட்டிலில் மாமியார்

ராஜா குடும்பம் வெயிலுக்குத் தப்பி வந்து தங்கிய கோடை மாளிகை இப்போது அருங்காட்சியகம். அதன் காப்பாட்சியருக்குக் கிடைத்ததோ, பின்னால் தகரக் கூரை போட்ட குடியிருப்பு. மாளிகையிலேயே ராணியின் படுக்கையறையில் மட்டும்தான் ஏசி. பட்டுத் திரைச்சீலை வீணாகிவிடக் கூடாதாம். திரைச்சீலைக்கு அடித்த யோகத்தை நினைத்து அவர் வயிறெரியாத நாளில்லை.

அந்தக் கோடையில் மாமியார் வந்து இறங்கினார். "மாப்பிள்ளை, இது வீடா, அடுப்பா?" என்றார் படியேறும்போதே. மனைவி முறைத்த முறைப்பில், 'விடுமுறை நாள் மதியம் மட்டும்' என்று சொல்லி, மாமியாரை ராணியின் கட்டிலில் படுக்கவைத்தார் காப்பாட்சியர். விடுமுறை மதியம் தினசரி மதியமாயிற்று. அறை வாசலில் கட்டிய கயிற்றில் 'பராமரிப்புப் பணி' என்று அட்டை தொங்கியது. உள்ளே மாமியார் நன்றாகவே பராமரிக்கப்பட்டார்.

ஒருநாள் துறைச் செயலாளர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பத்திரிகைக்காரர்களோடு வந்து நின்றார். "பராமரிப்பா? அதையும்தான் பாப்போமே" என்று கயிற்றைத் தாண்டினார். பட்டு மெத்தையில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது ஓர் உருவம்.

காப்பாட்சியர் ஓடிவந்து குறுக்கே நின்றார். "மெ... மெழுகுச் சிலை மேடம். ராணியம்மாவோடது."

"தத்ரூபமா இருக்கே! குறட்டைகூட விடுதா?"

"உள்ள மோட்டார் வெச்சிருக்கோம் மேடம்."

சிலை புரண்டு படுத்தது. "யாரது மாப்பிள்ளை, கத்திக்கிட்டு? எல்லாரையும் வெளிய அனுப்புங்க!"

வேலை போயிற்று என்றே நினைத்தார் காப்பாட்சியர். செயலாளரோ கைதட்டினார். "சிலைன்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே! நடிகைதானே? என்ன மிடுக்கு! முகத்துல ராஜகளை வழியுது. நீங்க ராஜாவோட மருமகன் வேஷமா?"

காப்பாட்சியர் தலையாட்டிவைத்தார். வேறென்ன செய்வார்? மறுநாளே தினமும் இந்தக் காட்சியை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

மாமியார் ஒரே வாரத்தில் பாத்திரத்தோடு ஒன்றிப்போனார். தலைப்பாகையும் ஜிகினா அங்கியுமாக மருமகன் கட்டிலோரம் விசிறியோடு நிற்க, "ஏன், கை வலிக்குதோ?" என்று கூட்டத்துக்கு முன்னால் அதட்டினார். இடமாற்றம் கேட்டுப் பார்த்தார் காப்பாட்சியர். கூட்டம் அள்ளுகிறதே, எப்படிக் கிடைக்கும்?

ஒருநாள் பார்க்க வந்த தம்பதியர் வெளியே போகும்போது பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

"ராணி பிரமாதம். அந்த மருமகன்தான் சொதப்பிட்டான்."

"ஆமா, மாமியாருக்கு எவனாவது இவ்வளவு பயப்படுவானா? ஓவர் ஆக்டிங்!"